பெர்த்தோல்ட் வோல்பே

பெர்த்தோல்ட் லுட்விக் வோல்பே (அக்டோபர் 29, 1905 – ஜூலை 5, 1989) ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த எழுத்துரு வடிவமைப்பாளரும் வனப்பெழுத்துக் கலைஞரும் நூல் மேலுறை வடிவமைப்பாளரும் ஆவார். ஆல்பர்ட்டஸ் என்னும் தடித்த ரோமன் எழுத்துருவை உருவாக்கியவர் என்ற முறையில் பெரிதும் அறியப்படுகிறார். யூதராகப் பிறந்த காரணத்தால் ஜெர்மனியில் பணியாற்ற முடியாமல் இங்கிலாந்துக்கு வந்தார். ஜெர்மானியர் என்ற காரணத்தால் அதே இங்கிலாந்தால் ஆஸ்திரேலியாவில் உள்ள தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். இருப்பினும் இலண்டன் மாநகரின் தெருப் பெயர்ப்பலகைகள், இருபதாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கிய நூல்களின் மேலுறைகள், தி டைம்ஸ் நாளிதழின் தலைப்பு ஆகியவற்றில் இவரது கைவண்ணம் பதிந்துள்ளது.

இளமையும் கல்வியும்

வோல்பே ஃபிராங்க்ஃபர்ட் நகரை அடுத்து மைன் ஆற்றங்கரையில் அமைந்த ஆஃபன்பாக் நகரில் பிறந்தார். தோல் பொருட்களுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்பகமும் இருந்தது. அதன் முதன்மை வடிவமைப்பாளர் ருடால்ஃப் கோஹ். வோல்பே முதலில் உலோக வேலை செய்யும் நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பின்னர் 1924 முதல் 1928 வரை ஆஃபன்பாக் கலைத் தொழிற்பள்ளியில் கோஹின் மாணவராகப் பயின்றார்.

இந்த வரிசை முக்கியமானது. பெரும்பாலான எழுத்துக் கலைஞர்கள் பேனாவிலோ தூரிகையிலோ தொடங்குவர். வோல்பேயின் கைக்கு முதலில் பழகியவை உளியும் அரமும். கோஹின் பட்டறையும் அதற்கு ஏற்ற இடமாகவே அமைந்தது. அங்கு எழுத்து என்பது தாளில் மட்டும் இருப்பதன்று. மரத்தில் செதுக்குவர், துணியில் நெய்வர், உலோகத்தில் வெட்டுவர். கோஹ் 1923 இல் வெளியிட்ட நொய்லாண்ட் எழுத்துருவே வரைபடம் இன்றி நேரடியாக உலோகத்தில் வெட்டப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. வோல்பே அப்பட்டறையில் வெண்கலப் பலகைகளில் நினைவு வாசகங்களை வெட்டினார். கோஹுடன் இணைந்து எழுத்து வடிவங்கள் பற்றிய ஒரு சிறு நூலையும் உருவாக்கினார். அந்நூல் கோஹ் மறைந்த 1934 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

1929 முதல் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் பின்னர் ஆஃபன்பாக்கிலும் ஆசிரியராகப் பணியாற்றினார். பவர் எழுத்து வார்ப்பகத்துக்காக ஹைபீரியன் என்னும் எழுத்துருவை வடிவமைத்தார். 1933 சனவரியில் நாசிகள் ஆட்சிக்கு வந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் இயற்றப்பட்ட சட்டம் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்தும் கல்விப் பணிகளிலிருந்தும் அகற்றியது. வோல்பேயின் ஆசிரியப் பணியும் அவ்வாண்டோடு முடிந்தது.

ஆல்பர்ட்டஸ் எழுத்துரு

1932 இல், அதாவது நாசிகள் ஆட்சிக்கு வருவதற்கு முந்தைய ஆண்டில், வோல்பே இலண்டனுக்குச் சென்றிருந்தார். அங்கு மோனோடைப் நிறுவனத்தின் அச்சுக்கலை ஆலோசகரான ஸ்டான்லி மாரிசனைச் சந்தித்தார். அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவை உருவாக்கச் செய்தவர் இந்த மாரிசனே. வோல்பேயின் வெண்கல வாசகங்களின் நிழற்படங்களை அவர் ஏற்கனவே பார்த்திருந்தார். அவ்வெழுத்துக்களின் அடிப்படையில் அச்சுக்குரிய எழுத்துரு ஒன்றை அமைத்துத் தருமாறு வோல்பேயைக் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு வேண்டுகோள் வோல்பேயின் வாழ்க்கையின் திசையை மாற்றியது. சில ஆண்டுகளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்தபோது இலண்டனில் அவருக்கு ஒரு வேலையும் ஓர் அறிமுகமும் காத்திருந்தன.

ஆல்பர்ட்டஸின் தன்மையை விளங்கிக்கொள்ள அந்த வெண்கலப் பலகைகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதை அறிதல் வேண்டும். கல்வெட்டு என்று நாம் பொதுவாக அறிவதில் எழுத்துத்தான் வெட்டப்படுகிறது. எழுத்து குழியாகவும் சுற்றியுள்ள பரப்பு மேடாகவும் இருக்கும். வோல்பேயின் வெண்கலப் பலகையில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. சுற்றியுள்ள பின்புலத்தை உளியால் வெட்டி அகற்றுவர். எழுத்து புடைத்து நிற்கும். எனவே உளி எழுத்தின் உள்ளே செல்வதே இல்லை. எழுத்தின் விளிம்பு முழுவதும் வெளியிலிருந்து தீர்மானிக்கப்படுகிறது. இம்முறையில் மெல்லிய கோடுகளுக்கும் நுட்பமான வளைவுகளுக்கும் இடமில்லை. தடித்த, எளிய, கூர்மையான விளிம்பு கொண்ட எழுத்துக்களே கிடைக்கும். தம் எழுத்துருவின் வலிமைக்கும் எளிமைக்கும் இதையே காரணமாக வோல்பே பிற்காலத்தில் கூறினார்.

ரோமன் எழுத்துக்களின் கோடுகள் முடியும் இடத்தில் வரும் சிறு குறுக்கு நீட்சியை செரிஃப் என்பர். டைம்ஸ் நியூ ரோமனில் இது தெளிவாகத் தெரியும். ஏரியல் போன்ற எழுத்துருக்களில் இது இல்லை. ஆல்பர்ட்டஸ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் தண்டுகள் நடுவில் சற்று ஒடுங்கி முனையை நெருங்கும்போது மெல்ல அகன்று, கூர்மையான மூலைகளுடன் வெட்டினாற்போல் முடிகின்றன. தனியாக ஒட்டவைத்த செரிஃப் என்று சொல்ல எதுவும் இல்லை. தண்டே விரிந்து செரிஃபின் வேலையைச் செய்கிறது. இத்தகைய எழுத்துருக்களை விரிமுனை எழுத்துருக்கள் எனலாம். இந்த வகையில் உலகறிந்த மற்றொன்று ஹெர்மன் சாஃப் வடிவமைத்து 1958 இல் வெளிவந்த ஆப்டிமா. ஆனால் ஆப்டிமா மென்மையானது, ஒடுங்கிய இடை கொண்டது, ஆல்பர்ட்டஸ் கனமானது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று வரையப்பட்டது, மற்றொன்று வெட்டப்பட்டது என்பது எவருக்கும் புலப்படும்.

தனி எழுத்துக்களிலும் சில அடையாளங்கள் உண்டு. பேரெழுத்து எம் இல் நடுவிலுள்ள இரு சாய்கோடுகள் அடிக்கோடு வரை இறங்காமல் பாதியிலேயே சந்தித்து நின்றுவிடுகின்றன. பேரெழுத்து யூ, சிற்றெழுத்தைப் போல வலப்பக்கம் முழுத் தண்டுடன் அமைந்துள்ளது. தெருவில் ஒரு பலகையைப் பார்த்து அது ஆல்பர்ட்டஸ்தானா என்று உறுதி செய்ய விரும்புவோர் முதலில் இவ்விரு எழுத்துக்களையே தேடுவது வழக்கம்.

பேரெழுத்துக்கள் மட்டும் கொண்ட தலைப்பு எழுத்துரு 1935 இல் வெளியிடப்பட்டது. சிற்றெழுத்துக்களும், மேலும் தடித்த வடிவமும், மெல்லிய வடிவமும் தொடர்ந்து 1940 வரை சேர்க்கப்பட்டன. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெர்மானிய மெய்யியலாளரும் இறையியலாளருமான ஆல்பர்ட்டஸ் மேக்னசின் பெயர் இதற்கு இடப்பட்டது.

எழுத்துரு என்றால் கணினியில் நிறுவும் ஒரு கோப்பு என்று மட்டும் அறிந்த தலைமுறைக்கு அன்றைய உழைப்பு வியப்பளிக்கும். மோனோடைப் நிறுவனத்தில் ஒவ்வோர் எழுத்தும் முதலில் பெரிய அளவில் துல்லியமாக வரையப்பட்டது. அவ்வரைபடத்திலிருந்து உலோக மாதிரி செய்யப்பட்டது. அம்மாதிரியின் விளிம்பை ஒரு கருவியின் முள் தடவிச் செல்ல, மறுமுனையில் உள்ள வெட்டுக் கருவி அதே வடிவத்தைப் பன்மடங்கு சிறிதாக எஃகு முளையில் வெட்டியது. அம்முளையை அழுத்தித் தாய் அச்சு செய்யப்பட்டது. தாய் அச்சில் ஈயக் கலவையை வார்த்தால்தான் அச்சகத்துக்குரிய எழுத்து கிடைக்கும். உளியால் வெட்டிய எழுத்தின் உணர்வு இத்தனை படிகளையும் கடந்து தாளில் எஞ்சியது என்பதே ஆல்பர்ட்டஸின் வெற்றி.

இங்கிலாந்தில் தொடக்க ஆண்டுகள்

வோல்பே 1935 இல் இங்கிலாந்தில் குடியேறினார். எர்னஸ்ட் இங்காம் தலைமையில் இயங்கிய ஃபேன்ஃபேர் அச்சகத்தில் 1940 வரை பணியாற்றினார். அந்த அச்சகம் விக்டர் கொலான்ஸ் பதிப்பகத்தின் நூல் மேலுறைகளை அச்சிட்டு வந்தது. மஞ்சள் தாளில் பெரிய எழுத்துக்களை மட்டுமே நிரப்பும் அம்மேலுறைகள் அக்காலத்தில் பெயர்பெற்றவை. அவற்றுக்காக வோல்பே டெம்பெஸ்ட் என்னும் சாய்ந்த பேரெழுத்துக்களை வரைந்தார். அச்சு அலங்காரப் பூவேலைகள் பலவற்றையும் இங்கு உருவாக்கினார்.

இதே காலத்தில் மோனோடைப் நிறுவனத்துக்காகப் பெகாசஸ் (1937), சாக்சன்வால்ட் ஆகிய எழுத்துருக்களையும் அமைத்தார். பெகாசஸ் நூலின் உட்பக்கங்களுக்கானது. ஆல்பர்ட்டஸ் அளவுக்குப் பரவவில்லை. சாக்சன்வாலின் வரலாறு தனித்துவமானது. அது ஃபிராக்டூர் மரபைச் சேர்ந்தது. முறிந்த கோணங்களால் ஆன பழைய ஜெர்மானிய எழுத்து வகை. ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு யூதர், ஆங்கில நிறுவனம் ஒன்றுக்காக, நாசிகள் தமது தேசிய எழுத்து என்று கொண்டாடிய வகையில் ஓர் எழுத்துருவைச் செய்தார். போர் மூண்டதால் இங்கிலாந்தில் ஜெர்மானிய எழுத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. ஜெர்மனியிலோ 1941 சனவரி 3 அன்று நாசிக் கட்சி விடுத்த சுற்றறிக்கை அப்பழைய எழுத்து வகையை யூதர்களின் எழுத்து என்று பொய்யாகக் குற்றஞ்சாட்டி அதன் பயன்பாட்டையே தடை செய்தது. சாக்சன்வால்ட் ஏறக்குறைய எவராலும் பயன்படுத்தப்படாமல் நின்றுவிட்டது.

தடுப்பு முகாம்

1940 மே, ஜூன் மாதங்களில் ஜெர்மானியப் படைகள் பிரான்சை வீழ்த்தியதும், பிரித்தானிய அரசு தன் நாட்டில் வாழ்ந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய ஆண்களைப் பெருந்தொகையாகக் கைது செய்யத் தொடங்கியது. எதிரிநாட்டு அயலவர் என்று வகைப்படுத்தப்பட்ட இவர்களுள் பெரும்பாலோர் நாசிகளிடமிருந்து தப்பி வந்த யூத அகதிகளே. உண்மையான நாசிகளும் அவர்களிடமிருந்து தப்பியவர்களும் ஒரே பட்டியலில் இடம்பெற்றனர். ஐந்து ஆண்டுகளாக இலண்டனில் உழைத்த வோல்பேயும் கைது செய்யப்பட்டு, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள ஹே என்னும் ஊரின் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

ஹே வறண்ட சமவெளியில் அமைந்த, புழுதிக் காற்று வீசும் ஊர். முள்வேலிக்குள் அடைக்கப்பட்டவர்களில் அறிவியலாளர், இசைக் கலைஞர், ஓவியர், மாணவர் எனப் பலரும் இருந்தனர். அவர்கள் தமக்குள் வகுப்புகளையும் கச்சேரிகளையும் நடத்தினர். முகாமுக்குள் மட்டும் செல்லுபடியாகும் பணத்தாள்களைக்கூட 1941 இல் அச்சிட்டனர். அவற்றை வடிவமைத்தவர் ஜார்ஜ் டெல்ட்ஷர் என்னும் ஆஸ்திரியக் கலைஞர். தாளின் ஓரத்தில் முள்வேலியையே அலங்காரக் கரையாக வரைந்திருந்தார். இத்தகைய கைதுகள் தவறானவை என்ற கண்டனம் பிரித்தானிய நாடாளுமன்றத்திலேயே எழுந்ததைத் தொடர்ந்து முகாம்களில் இருந்தோர் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். வோல்பே 1941 இல் இங்கிலாந்து திரும்பினார். அவ்வாண்டே மார்கரெட் சுமித் என்னும் சிற்பக் கலைஞரை மணந்தார். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள். 1947 இல் வோல்பே பிரித்தானியக் குடியுரிமை பெற்றார்.

ஃபேபர் பதிப்பகம்

திரும்பி வந்த அதே 1941 இல் ஃபேபர் அண்டு ஃபேபர் பதிப்பகத்தின் தயாரிப்புப் பிரிவில் சேர்ந்து, 1975 இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார். கவிஞர் டி. எஸ். எலியட் இயக்குநர்களுள் ஒருவராக இருந்த பதிப்பகம் அது. இக்காலத்தில் வோல்பே 1500 க்கும் மேற்பட்ட மேலுறைகளையும் அட்டைகளையும் வடிவமைத்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு இதைப் பகிர்ந்தால் ஏறத்தாழ வாரத்துக்கு ஒன்று என்றாகிறது.

போர்க்காலத்தில் தாளுக்குக் கடும் பங்கீடு இருந்தது. பல வண்ணப் படங்களை அச்சிடும் வசதியோ செலவுக்கு வழியோ இல்லை. அத்தகைய நெருக்கடியில் எழுத்தையே படமாக்கத் தெரிந்த ஒருவர் பதிப்பகத்துக்குப் பெரும் பேறாக அமைந்தார். நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் மேலுறையின் பரப்பு முழுவதையும் நிரப்பும்; இரண்டு அல்லது மூன்று சமதள வண்ணங்கள் போதும். சிலவற்றில் ஆல்பர்ட்டஸைப் பயன்படுத்தினார். பலவற்றில் அந்நூலுக்கென்றே எழுத்துக்களைக் கையால் வரைந்தார். எனவே இவரது மேலுறைகள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை என்று எண்ணுவது சரியன்று. லாரன்ஸ் டரலின் அலெக்சாந்திரியா நால்நூல் (1957–1960), சில்வியா பிளாத்தின் ஏரியல் கவிதைத் தொகுப்பு (1965) ஆகியவற்றின் மேலுறைகள் இவர் செய்தவை. பெயர்பெற்ற இந்நூல்களைவிட, இன்று எவரும் நினைவில் கொள்ளாத தோட்டக்கலை நூல்களுக்கும் சமையல் நூல்களுக்கும் அதே கவனத்தைச் செலுத்தினார் என்பதே இவரது பணியில் போற்றத்தக்கது.

தி டைம்ஸ் நாளிதழ் நெடுங்காலமாகத் தன் முதல் பக்கத்தில் சிறு விளம்பரங்களையே வெளியிட்டு வந்தது. 1966 மே 3 அன்று முதன்முறையாக முதல் பக்கத்தில் செய்திகள் இடம்பெற்றன. அம்மாற்றத்துக்காக நாளிதழின் பெயர்த்தலைப்பைப் புதிதாக அமைத்தவர் வோல்பே. அத்தலைப்பு 1970 வரை பயன்பாட்டில் இருந்தது.

கற்பித்தலும் ஆய்வும்

கேம்பர்வெல் கலைப் பள்ளியில் 1948 முதல் 1953 வரையிலும், இராயல் கலைக் கல்லூரியில் 1956 முதல் 1975 வரையிலும் கற்பித்தார். ஃபேபரிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் சிட்டி அண்டு கில்ட்ஸ் இலண்டன் கலைப் பள்ளியில் தொடர்ந்து பாடம் எடுத்தார். பழைய கையெழுத்துக்களின் வரலாற்றில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். ஆல்ஃபிரட் ஃபேர்பேங்குடன் இணைந்து மறுமலர்ச்சிக் காலக் கையெழுத்துக்கள் பற்றி எழுதிய நூல் 1960 இல் வெளிவந்தது.

1959 இல் தொழிற்றுறைக்கான அரச வடிவமைப்பாளர் என்னும் சிறப்பைப் பெற்றார். இராயல் கலைக் கல்லூரி 1968 இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1980 இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவரது வாழ்நாள் பணிகளின் கண்காட்சி நடைபெற்றது. அதையொட்டி மேத்யூ கார்ட்டர் பெகாசஸ் எழுத்துருவுக்குத் தடித்த வடிவையும் சாய்வு வடிவையும் சேர்த்து விரிவாக்கினார். 1983 இல் பிரித்தானியப் பேரரசு ஒழுங்கு விருது அளிக்கப்பட்டது. ஒருகாலத்தில் எதிரிநாட்டு அயலவர் என்று முத்திரை குத்திய அதே அரசு அளித்த விருது அது. வோல்பே 1989 ஜூலை 5 அன்று இலண்டனில் காலமானார்.

ஆல்பர்ட்டசின் பிற்காலப் பயன்பாடு

நூல் மேலுறைக்கும் தலைப்புக்கும் உருவான ஆல்பர்ட்டஸ் தொலைவிலிருந்து படிப்பதற்கும் ஏற்றதாக இருந்தது. கனமான தண்டும் கூர்மையான மூலையும் மங்கிய வெளிச்சத்திலும் எழுத்தின் உருவைக் காத்துக்கொள்கின்றன. இலண்டனின் பழைய வணிக மையமான சிட்டி ஆஃப் இலண்டன் பகுதியின் தெருப் பெயர்ப்பலகைகள் இவ்வெழுத்துருவில் அமைந்தவை. வோல்பே வாழ்ந்த லாம்பெத் பகுதியிலும் தெருப் பெயர்களுக்கு இது பயன்பட்டது. மாறாக, நீண்ட பத்திகளைச் சிறிய அளவில் அச்சிட இது ஏற்றதன்று; பக்கம் கருமையாகித் தோன்றும்.

ஆல்பர்ட்டஸைப் பெயர் தெரியாமலே பலர் மனத்தில் பதித்தது தி பிரிசனர் என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர் (1967–1968) ஆகும். பேட்ரிக் மக்கூகன் நடித்த அத்தொடர் 17 பகுதிகளைக் கொண்டது. கடத்திக் கொண்டுவரப்பட்டவர்களுக்குப் பெயர் மறுக்கப்பட்டு எண் மட்டுமே வழங்கப்படும் ஓர் அழகிய கிராமத்தில் கதை நிகழ்கிறது. அக்கிராமத்தின் பலகைகள், உணவுப் பொட்டலங்கள், அறிவிப்புகள் அனைத்தும் சற்றே மாற்றப்பட்ட ஆல்பர்ட்டஸில் இருக்கும். சிற்றெழுத்து ஈ இன் வடிவம் மாற்றப்பட்டது. ஐ, ஜே ஆகியவற்றின் மேற்புள்ளிகள் நீக்கப்பட்டன. வேலிக்குள் அடைக்கப்பட்ட ஒருவர் செய்த எழுத்து, தப்ப முடியாத ஒரு கிராமத்தின் எழுத்தாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது தற்செயலே. பிற்காலத்தில் அமெரிக்க இயக்குநர் ஜான் கார்ப்பெண்டரும் தம் திரைப்படங்கள் பலவற்றின் தலைப்புகளுக்கு இதைப் பயன்படுத்தினார்.

கணினிக் காலத்தில் இவ்வெழுத்துரு எதிர்பாராத வழியில் பரவியது. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1990களில் தன் லேசர் அச்சுப்பொறிகளுக்குள்ளேயே பதித்து அனுப்பிய எழுத்துருக்களில் ஆல்பர்ட்டஸின் இரு தடிமன்கள் இருந்தன. அதனால் அச்சுக்கலைக்குத் தொடர்பில்லாத அலுவலகங்களின் எழுத்துருப் பட்டியலிலும், அகர வரிசையில் முதற்சில இடங்களுள் ஒன்றில், இப்பெயர் வந்து நின்றது. அதே அச்சுப்பொறி மொழியைக் கையாளும் மென்பொருட்களுக்காக ஜெர்மனியின் யூ.ஆர்.டபிள்யூ. நிறுவனம் ஏ028 என்ற பெயரில் ஒத்த வடிவம் ஒன்றை வழங்கியது. ஆல்பர்ட்டஸ் மேக்னசின் பெயர் இவ்வாறு ஓர் எண்ணாயிற்று.

மூல உலோக எழுத்துக்களில் இருந்த பல மாற்று வடிவங்களும் நுணுக்கங்களும் இத்தகைய கணினி வடிவங்களில் விடுபட்டுப் போயிருந்தன. 2017 இல் மோனோடைப் நிறுவனத்தைச் சேர்ந்த தோஷி ஓமாகாரி பழைய வரைபடங்களை ஆராய்ந்து ஆல்பர்ட்டஸ் நோவா என்னும் புதிய வடிவை ஐந்து தடிமன்களில் உருவாக்கினார். பெகாசஸ், டெம்பெஸ்ட், ஃபேன்ஃபேர் ஆகியவையும் அதே தொகுப்பில் வெளியாயின. போரால் முடங்கிய சாக்சன்வால்டும் அத்தொகுப்பில் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்துப் பயன்பாட்டுக்குக் கிடைத்தது.